எட்டாம் வகுப்புக்கு ஏற்ற நாவல்கள்

கங்காணி குடையை மடக்காமலே பள்ளிக்கூட வராந்தாவில் ஏறினார். மழை விட்டுக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. குடைக் கம்பிகளிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் அவரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. இடது கக்கத்தில், சிவப்புத் துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம்.

பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கால் மணி நேரத்துக்கு முன்புதான் தெரிந்திருந்தது. அந்தக் கால் மணி நேரத்தில் கரும்பலகையில் ஒரே கணக்கை மூன்று தரம் எழுதி மூன்று தரம் அழித்திருந்தேன்.

அவர் மகள் அங்கம்மா படிக்குக் கீழேயே நின்றுவிட்டாள். எட்டாம் வகுப்பு மாணவி. பதின்மூன்று வயது. தினமும் இரண்டு இரண்டாகத் தாவி ஏறுகிற படி அது.

"பெரியவாத்தியாரு இருக்காருங்களா?" என்று கங்காணி கேட்டார். என்னிடம்தான் கேட்டார். ஆனால் என் தலைக்கு மேலே இருந்த தகரக் கூரையைப் பார்த்துக் கேட்டார்.

பண்டாரவளையிலிருந்து மாட்டு வண்டியில் பதுளைக்குப் புத்தகங்கள் வந்து சேர்ந்த கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், இலங்கையின் ஊவா மாகாணத்துத் தமிழ்ப் பிள்ளைகள் கையில் நாவலைக் கொடுத்த துணிச்சல்காரர் என்று என்னைப் பாராட்டிக் கடிதம் எழுதியிருக்கிறார். பத்திரிகை ஆசிரியர் அதை வெளியிட விரும்பினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த இடத்தில் இதை எழுதுகிறேன்.

கொடுத்தது உண்மை. கொடுத்த பிறகு நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவி போய்ச் சேரும்வரை அவளிடமும் சொல்லவில்லை.

சேகு முதலாளியின் சாக்குக் கட்டு

ரயில் அப்போது பண்டாரவளையைத் தாண்டி வரவில்லை. எங்கள் பள்ளி பதுளைக் கடைவீதிக்குப் பின்னால் இருந்தது. நகரத்து வியாபாரிகளும், தேயிலைத் தோட்டங்களில் ஆட்களை வேலை வாங்கும் இரண்டு மூன்று பெரிய கங்காணிமாரும் சேர்ந்த ஒரு கமிட்டி அதை நடத்தியது. எட்டாம் வகுப்புவரை உண்டு. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு வயது இருபத்து நான்கு. ஆறு, ஏழு, எட்டு வகுப்புகள் என் பொறுப்பு.

புடவைக் கடை வைத்திருந்த சேகு முதலாளிக்கு ஒரு தம்பி இருந்தார். சென்னையில் எந்த நாவல் அச்சானாலும் எழுதிப் போட்டு வரவழைத்துவிடுவார். காய்ச்சலில் திடீரென்று போய்விட்டார். புத்தகங்களை ஊருக்கு அனுப்ப நினைத்துப் பண்டாரவளை ஸ்டேஷன்வரை கொண்டுபோன முதலாளி, மனம் மாறி வண்டியைத் திருப்பி எங்கள் பள்ளி வாசலில் நிறுத்தினார்.

"மாஸ்டர், கடையில கெடந்தா எலி திண்டுரும்," என்றார். "தம்பிட பொருள். விக்கவும் மனசு வரல்ல. புள்ளைகளுக்கு ஆகுமாண்டு பாருங்க. எனக்கு அதுல என்ன எழுதியிருக்குண்டே தெரியாது."

கட்டைப் பிரித்தோம். நாற்பதுக்கு மேல் இருந்தன. எல்லாம் பெரியவர்களுக்காக எழுதப்பட்ட நாவல்கள். பிள்ளைகளுக்கென்று தமிழில் கதைப் புத்தகங்கள் எங்கே இருந்தன அப்போது? நீதிக் கதைகளும் பாடப் புத்தகமும்தான்.

எங்கள் தலைமை ஆசிரியரை எல்லோரும் பெரியவாத்தியார் என்போம். கண்ணாடி இல்லாமல் ஓர் எழுத்துத் தெரியாது. ஒரு நாவலை மூக்கருகே வைத்துப் புரட்டினார்; இரண்டாவதைப் புரட்டினார்; மூன்றாவதைத் தொடவில்லை.

"நீர் படிச்சுப் பாரும் ஐயா," என்றார். "மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு நீரே சொல்லும். நாளைக்கு ஒரு தகப்பன் வந்து கேட்டா, பதில் சொல்ல ஓர் ஆள் வேணும்."

அந்த ஆள் நான் என்பதில் எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைக்குக் கவலை வரவில்லை.

பசை போட்ட பக்கங்கள்

புத்தகங்களை மூன்று அடுக்காக வைத்துக்கொண்டேன். கொடுக்கலாம். கொடுக்கக் கூடாது. யோசிக்கவேண்டும். ஒரு மாத முடிவில் எல்லாமே மூன்றாவது அடுக்கில் இருந்தன.

கொலை இல்லாத கதையில் காதல் இருந்தது. காதல் இல்லாததில் தாசி வீடு இருந்தது. இரண்டும் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்து மகிழ்ந்தால், கடைசி அத்தியாயத்தில் கதாநாயகி கிணற்றில் விழுந்தாள். வெள்ளைக்காரத் துப்பறிகிறவன் ஒருவனை அப்படியே வேட்டி கட்ட வைத்து உலவவிட்ட கதை ஒன்று. அதில் அவன் பக்கத்துக்குப் பக்கம் பிராந்தி குடித்தான்.

முதலில் ஒரு தந்திரம் செய்தேன். ஆகாத பக்கங்களைக் கஞ்சிப் பசையால் ஒட்டிவிட்டேன். பதினைந்தே நாளில் இரண்டு உண்மைகள் தெரிந்தன. பசை தடவிய புத்தகத்தைத்தான் கரப்பான் பூச்சி முதலில் தின்கிறது. அதைத்தான் ஏழாம் வகுப்பும் முதலில் கேட்கிறது. கொதிக்கும் கேத்தலின் ஆவியில் காட்டி, பக்கங்களைப் பூப்போலப் பிரித்திருந்தார்கள். ஒட்டாத பக்கங்களை ஒருவரும் படித்திருக்கவில்லை.

பெரியவாத்தியார் சிரித்தார். "ஒட்டுறது வேண்டாம். கொடுத்தா முழுசாக் கொடும். இல்லாட்டாக் கொடுக்காதீர். கொடுக்கிற புத்தகத்துல உம்ம கையெழுத்தைப் போடும்."

அப்படியே ஏற்பாடாயிற்று. அலமாரியின் மேல் இரண்டு தட்டுகளில் என் கையெழுத்து உள்ள நாவல்கள். முதல் பக்கத்தில், கீழே, வலது மூலையில் போடுவேன். கையெழுத்து இல்லாதவை கீழ்த் தட்டில். பூட்டு கிடையாது, பதிவேடு கிடையாது. மேல் தட்டிலிருந்து மட்டும் எடுப்பது பிள்ளைகளின் நேர்மை.

என் அளவுகோல்

எந்த அளவுகோலை வைத்து அளந்தேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதில், மாமாவின் பெட்டியிலிருந்து ஒரு நாவலைத் திருடிப் படித்தேன். ஒரு பெண்ணைக் கழுத்தை நெரித்துக் கொல்கிற இடத்தை நான்கைந்து தரம் படித்தேன். பிறகு ஒரு மாதம் தனியாகக் கொல்லைப்பக்கம் போகமாட்டேன். அம்மா துணைக்கு வரவேண்டும். ஏன் என்று கேட்டால் பாம்பு என்பேன்.

பதுளையில் உட்கார்ந்து புத்தகம் பொறுக்கும்போது அந்தப் பையனைத்தான் எதிரே உட்கார்த்தியிருந்தேன். அவன் பயந்தது ஆகாது. அவன் கூச்சப்பட்டது ஆகாது. அவனுக்குச் சலிப்பூட்டியது ஆகும். ஆற்றங்கரை வீட்டில் தாய் தகப்பனோடு வளர்ந்த பையன் அவன். தோட்டக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்த பிள்ளை எதற்குப் பயப்படும், எந்த வரியில் அதன் வீடு ஆடிப்போகும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அப்படித்தான் அந்த நாவல் தேறியது. கதை பர்மாவில் நடக்கிறது. ஒருவன் கிராமத்தில் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுக் கப்பலேறுகிறான். போன இடத்தில் இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொள்கிறான். பதினோரு வருடம் கழித்து முதல் மனைவி தேடி வந்து வாசலில் நிற்கிறாள். இவள் யாரென்றே தெரியாது என்கிறான். கடைசியில் புத்தி வந்து அவள் காலில் விழுகிறான்.

கொலை இல்லை. முத்தம் இல்லை. ஒரு சொட்டுச் சாராயம் இல்லை. தப்புச் செய்தவன் திருந்துகிறான். எட்டாம் வகுப்புக்கு இதைவிடச் சுத்தமான நாவல் கிடைக்காது என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டேன். மை கொஞ்சம் அதிகமாக ஊறிப் பரவிவிட்டது.

நீளமான கதை வேண்டும்

அங்கம்மா பசறைப் பாதையில் மூன்றாம் கட்டைக்கு, அதாவது மூன்றாவது மைல் கல்லுக்கு, மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வருவாள். தோட்டத்துத் தபால்காரர் தினமும் காலையில் தபால் பைக்காகப் பதுளைக்கு நடந்து வருவார். அவரோடு வந்து, அவரோடு போவாள். தகப்பன் கறுப்பையா கங்காணி, எங்கள் கமிட்டியிலும் ஓர் அங்கத்தினர்.

அந்தத் தோட்டத்துப் பள்ளி மூன்றாம் வகுப்போடு சரி. அதற்கும் வாத்தியார் நிலைப்பதில்லை. கங்காணியின் மகள் எட்டாம் வகுப்புத் தேறினால் அங்கே உதவி ஆசிரியையாக வைத்துக்கொள்வதாகத் தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார். லயத்தில் பிறந்த ஒரு பெண், கொழுந்துக் கூடை சுமக்காமல் கரும்பலகை முன்னால் நிற்பது என்பது அப்போது யாரும் காணாத காட்சி. கங்காணி கடைவீதியில் நான்கு பேரிடமாவது அதைச் சொல்லாமல் வீடு திரும்பமாட்டார். பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் அவள் அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"ஐயா, நீளமா ஒண்ணு வேணும்."

"ஏன், போன வாரம் எடுத்தது?"

"அது சின்னதுங்க. வெயில் தாழுறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு. எங்க லயத்துல ஒரே ஏச்சு. 'கால் படிக் கதைய வாங்கிட்டு வந்திருக்கா பாரு'ங்கிறாங்க."

எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று இருந்தால் லயமே அதற்குச் சொந்தக்காரர். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், துணி துவைத்து முடித்துத் தலை காய வைக்கும் பெண்களும், வெற்றிலை மடிக்கும் ஆண்களும் சுற்றி உட்கார, பிள்ளை நடுவில் இருந்து வாசிக்கும். ஒரு புத்தகம் வாங்கிப் போனால் பன்னிரண்டு காம்பராக் குடும்பமும் அதைப் படித்ததாகத்தான் கணக்கு. இது எனக்குத் தெரியாததல்ல. அவளே அன்று என் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

நான் சிரித்தேன். பர்மா நாவலை மேல் தட்டிலிருந்து என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன்.

"இது ரெண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு வரும்," என்றேன்.

எனக்குத் தெரிந்திருந்தது

இனி எழுதப் போவதுதான் என் குற்றத்தின் முதல் பாதி.

கறுப்பையா கங்காணிக்கு எழுதத் தெரியாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பள்ளி விட்ட பிறகு என் அறைக்கு வந்து ஊருக்குக் கடிதம் எழுதிக்கொள்வார். வீட்டிலேயே எழுதத் தெரிந்த மகளை வைத்துக்கொண்டு மூன்று கட்டை நடந்து வந்து என்னிடம் எழுதிக்கொள்வது ஏன் என்று முதல் கடிதத்திலேயே புரிந்துவிட்டது. கடிதம் அவருடைய முதல் மனைவிக்கு. அவள் வாந்திபேதியில் செத்துப்போனதாகச் சொல்லித்தான் அங்கம்மாவின் தாயைக் கட்டியிருந்தார். செத்தவள் ஊரில் உயிரோடு, பதில் கடிதமும் போட்டுக்கொண்டு இருந்தாள்.

"இது இந்த அறையோட இருக்கட்டுங்க," என்பார் ஒவ்வொரு தடவையும்.

இருந்தது. நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. ஆனால் அந்த நாவலைப் படித்தபோதும், கையெழுத்துப் போட்டபோதும், அந்த மனிதரின் மகளிடமே எடுத்துக் கொடுத்தபோதும், அவர் முகம் ஒரு கணம்கூட எனக்கு நினைவில் வரவில்லை. கடிதம் எழுதுகிற நான் ஒருவன். புத்தகம் பொறுக்குகிற நான் வேறொருவன். இருவரும் சந்தித்துக்கொள்ளவே இல்லை. நான் கொலையையும் முத்தத்தையும் தேடிக்கொண்டிருந்தேன்.

தபால்காரர் சொன்னது

திங்கட்கிழமை காலை தபால்காரர் தனியாக வந்தார். பையைக் கீழே வைக்காமலே பேச ஆரம்பித்தார்.

"நேத்து எங்க லயத்துல அமளி ஐயா. கங்காணி பின்னாலயே வாறாரு. நான் ஓட்டமும் நடையுமா முன்னால வந்தேன்."

"என்ன நடந்தது?"

"புள்ள நல்லாத்தான் வாசிச்சிச்சு. ரெண்டாம் பொஞ்சாதி கஞ்சி ஊத்துது, மொதப் பொஞ்சாதி வந்து வாசல்ல நிக்கிது. 'இவ யாருன்னே எனக்குத் தெரியாது'ன்னு அந்தாளு சொல்ற எடம் வந்திச்சு பாருங்க, பேன் பாத்துக்கிட்டு இருந்த கையெல்லாம் நின்னுபோச்சு. ஒருத்தி சிரிச்சா. 'பர்மாக்காரன் தெரியாதுன்னு சொன்னதோட விட்டானே, நம்மாளு செத்தேபோயிட்டான்னுல்ல சொன்னாரு'ன்னு போட்டு ஒடைச்சிட்டா."

"லயத்தில் எல்லோருக்கும் தெரியுமா?"

"ஊருலருந்து புதுசா ஆளு வந்துக்கிட்டுத்தானே இருக்கு. தெரியாதது ரெண்டே பேருக்குத்தான். புள்ளைக்கும் அதோட ஆத்தாளுக்கும்." அவர் பையைத் தோள் மாற்றினார். "ஆத்தா எந்திரிச்சி உள்ள போயிருச்சு. புள்ளைக்கு ஒண்ணும் வெளங்கல. ரெண்டு பக்கம் வாசிச்சிக்கிட்டே இருந்திச்சு. எல்லாரும் அதையே பாக்குறாங்கன்னு தெரிஞ்சப்பறந்தான் நிப்பாட்டுச்சு."

 வேலை போய்விடும் என்ற பயம் மட்டுமல்ல. கடிதம் எழுதிக் கொடுத்தவன் வாயைத் திறந்துவிட்டான், அதுவும் மகளை விட்டே தகப்பனைச் சந்தி சிரிக்க வைத்தான் என்று பேர் வந்தால், பதுளையிலும் சரி, சுற்றுத் தோட்டங்களிலும் சரி, என் முகத்தில் யாரும் விழிக்கமாட்டார்கள். வகுப்புக்குள் போய்க் கரும்பலகையைப் பார்த்து நின்றேன். பாதையில் குடை தெரிகிறதா என்று ஜன்னலையே கண் தேடிக்கொண்டிருந்தது.

முதல் பக்கம்

பெரியவாத்தியார் அறையில் கங்காணி நாற்காலியில் உட்காரவில்லை. பொட்டலத்தைப் பிரித்து நாவலை மேசைமேல் வைத்தார்.

"எங்க வீட்டு விசயம் ஒண்ணு இருக்குங்க," என்றார். "என்னன்னு கேக்காதீங்க. அது ரெண்டு பேருக்குத்தான் தெரியணும். ஒண்ணு நான். இன்னொண்ணு, அதை எழுதுன கை." அப்போதுதான் முதல்முறையாக என்னைப் பார்த்தார். "இந்தப் புஸ்தகத்தைப் பொறுக்கி எம் புள்ளகிட்டக் குடுத்ததும் அதே கைதானான்னு தெரிஞ்சிக்கிட்டுப் போயிருறேன்."

பெரியவாத்தியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணாடியைத் தேடினார், வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். நாவலை என் பக்கம் தள்ளினார். "நீர் கையெழுத்துப் போட்ட புத்தகமா இது? எந்தத் தட்டுல இடம் காலியா இருக்குன்னும் அலமாரியில பார்த்து வந்து சொல்லும்."

அலமாரி பக்கத்து அறையில். பத்து அடி தூரம் இருக்கும். அந்தப் பத்து அடிக்குள் நான் ஒன்றும் யோசிக்கவில்லை என்று பல வருடம் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். அது பொய். கங்காணிக்குப் படிக்கத் தெரியாது, பெரியவாத்தியாரிடம் கண்ணாடி இல்லை, பதிவேடு இல்லை என்று மூன்றையும் வரிசையாக யோசித்தேன். அலமாரிக் கதவுக்குப் பின்னால் நின்று முதல் பக்கத்தைப் பிடித்து இழுத்தேன். பழைய தையல். சத்தமே இல்லாமல் வந்தது. மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தேன்.

திரும்பி வந்து சொன்னேன்: "என் கையெழுத்து இதில் இல்லை. கீழ்த் தட்டுப் புத்தகம். கேட்காமல் எடுத்திருக்கவேண்டும்."

அங்கம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் முதலில் என்னைப் பார்த்தாள், பாடம் ஒப்பிக்கும்போது அடுத்த சொல்லை நான் எடுத்துக் கொடுப்பேன் என்று பார்ப்பாளே, அப்படி.

"ஐயாதான் குடுத்தாங்க," என்றாள். "கையெழுத்து இருக்குங்க. மொதப் பக்கத்துல, கீழ, வலது மூலையில. மை பரவியிருக்கும். காலையிலகூடப் பாத்தேன்."

பெரியவாத்தியார் அட்டையைத் திறந்தார். கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்தார். பிறகு அட்டைக்கும் முதல் தாளுக்கும் நடுவே விரலை மேலிருந்து கீழே மெதுவாக ஓட்டினார். விரல் கிழிசலின் மேல் போனதா, போகவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கையெழுத்து இல்லைம்மா," என்றார்.

"நீ வேறு புத்தகத்தைச் சொல்கிறாய், அங்கம்மா," என்றேன் நான். என் குரல் அமைதியாக இருந்தது. வகுப்பில் தப்புக் கணக்கைத் திருத்துகிற குரல்.

அவள் வாயைத் திறந்தாள். மேசைமேல் கிடந்த புத்தகத்தைப் பார்த்தாள், என் கோட்டைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள்.

கங்காணியின் முகத்தையும் சொல்லவேண்டும். அது தளர்ந்தது. ஊரே கூடிச் செய்த சதி இல்லை, சொந்த மகள் செய்த சின்னக் களவு. அது அவரால் தூக்கக்கூடிய பாரம்.

"களவெடுத்ததும் இல்லாம வாத்தியாரு மேலயே பழி போடுறியா?" என்றார். "போதும் படிச்சது. நாளைக்குப் பெரட்டுக்கு வந்து நில்லு."

பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது. பெரியவாத்தியார் பரீட்சையைப் பற்றி ஏதோ சொல்லிப் பார்த்தார். கங்காணி கும்பிட்டுவிட்டு இறங்கினார். மடக்கிய குடை ஒரு கையில். மகளின் மணிக்கட்டு மறு கையில்.

அன்று மாலை அந்தத் தாளை அடுப்பில் போட்டேன். மழை ஈரத்தில் நமுத்திருந்ததால் எரிய நேரமாயிற்று.

பிறகு அலமாரி

மறுநாளிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மேல் தட்டு நாவல்களை எல்லாம் இறக்கி மறுபடி படித்தேன். இதில் வருகிற குடிகாரத் தகப்பன் யார் வீட்டில் இருக்கிறான்? இந்த விதவை யாருக்கு அத்தை? ஒவ்வொரு கதையிலும் ஒரு பிள்ளையின் வீடு தெரிந்தது. ஒவ்வொன்றாகக் கீழ்த் தட்டுக்குப் போயிற்று.

அந்த வருட முடிவில் மேல் தட்டில் ஆறு புத்தகம் மிஞ்சியது. அவற்றையும் யாரும் எடுப்பதில்லை. கமிட்டி என் எச்சரிக்கையை மெச்சியது. பசறை, அப்புத்தளைப் பள்ளிகளிலிருந்தும் பட்டியல் அனுப்பி, இதைக் கொடுக்கலாமா என்று என்னைக் கேட்டார்கள். வேண்டாம் என்று எழுதினேன். பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றுதான் எழுதினேன். பாராட்டுக் கடிதம் எழுதிய வாசகருக்கு இதையும் சொல்லவேண்டும்: நான் கொடுத்த நாவல்களைவிடத் தடுத்த நாவல்கள் பல மடங்கு.

தோட்டத்துப் பள்ளிக்கு வேறு யாரோ ஒருவர் வந்தார். நிலைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

பெரட்டுக் களம்

ஆனால் அந்த முதல் பத்து நாளுக்குள் நான் ஒரு தடவை தோட்டத்துக்குப் போனேன். அதைச் சொல்லாவிட்டால் இந்த அத்தியாயம் இன்னொரு பொய்யாகிவிடும்.

எட்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை. எட்டாம் வகுப்பில் அவள் இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளாமல் விட்டிருந்தார்கள். ஒவ்வொரு பாடத்திலும் என் கண் அங்கே போய் முட்டியது. ஒன்பதாம் நாள் விடியும்போதே கிளம்பி, மூன்று கட்டையும் ஏற்றமாக நடந்து, ஆட்களைக் கூப்பிடும் தப்பு மேளத்தின் சத்தம் கேட்கும்போது தோட்டத்துக்குள் நுழைந்தேன். கங்காணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானம். வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே வந்தேன்.

பெரட்டுக் களத்தில் பனி முழங்கால்வரை நின்றது. பெண்கள் வரிசையில் கடைசியாக அங்கம்மா. இடுப்பில் சாக்குப் படங்கு, முதுகில் புதுக் கூடை. கூடைக் கயிறு தலையில் சரியாக உட்காரவில்லை. அடிக்கடி ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். கங்காணி களத்தின் அந்தக் கோடியில் கணக்கப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் அவளே வரிசையை விட்டு வந்தாள்.

"எதுக்குங்க வந்தீங்க?"

"உன் அப்பாவிடம் சொல்ல வந்தேன். நான்தான் கொடுத்தேன் என்று. பக்கத்தைக் கிழித்தது நான் என்று."

"அது எனக்குத் தெரியும்." தகப்பன் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இப்பச் சொல்லாதீங்க ஐயா."

"ஏன்?"

"அம்மா தெனம் கேக்குது. ஊருல இருக்கிறவ உசுரோட இருக்காளா இல்லையான்னு. அப்பா அதுக்குப் பதில் சொல்றதில்ல. 'ஒம் மக களவெடுத்துட்டு வந்த புஸ்தகத்தையும், அந்தச் சிறுக்கி சொன்னதையும் நம்புறியா'ன்னு என்னையத்தான் ஏசுறாரு. கள்ளி, கள்ளின்னு. அம்மாவும் பாதி நம்பிருச்சு." கயிற்றைச் சரிசெய்தாள். "அந்த லெட்டரு எல்லாம் நீங்கதானே எழுதுனீங்க?"

"யார் சொன்னது?"

"அன்னைக்கு அப்பாவே சொன்னாருல்ல, எழுதுன கைன்னு. நீங்க இப்ப வாயத் தொறந்தா அதுவும் வெளிய வரும். அப்பறம் அம்மா இங்க இருக்காது. கைப்புள்ளயத் தூக்கிக்கிட்டு எங்கயாவது போயிரும். அதுக்குப் போக எடம் இல்லீங்க." சற்று நின்று சொன்னாள்: "நான் கள்ளியா இருக்கிற வரைக்கும் வீடு வீடா இருக்கும்."

"உன் படிப்பு?"

"அத அன்னைக்கே கேட்டிருக்கணும்."

கோபமாகச் சொல்லவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்டவனுக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். களத்தின் அந்தக் கோடியில் பேர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

"எம் பேரு வந்துரும். போங்க ஐயா."

அவள் ஓடிப்போய் வரிசையில் நின்றாள். கங்காணி என் பக்கம் பார்த்துக் கையை உயர்த்திக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

இன்று எண்பதை நெருங்குகிற வயதில் உட்கார்ந்து யோசித்தால், நான் செய்திருக்கக்கூடியவை பல தெரிகின்றன. பெரியவாத்தியாரிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். அவளைத் தனியாகப் பரீட்சைக்கு அனுப்ப வழி கேட்டிருக்கலாம். தபால்காரரிடம் பாடப் புத்தகங்களைக் கொடுத்தனுப்பியிருக்கலாம். கங்காணியும் அவர் மனைவியும் காலமான பிறகாவது அவளுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்று, தன் வீட்டைக் காப்பதற்காக, இப்போது சொல்ல வேண்டாம் என்றது. அந்த 'வேண்டாம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆயுள் முழுதும் தப்பித்துக்கொண்டேன்.

அந்தக் காலையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துக்கு ஏறும்போது நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். இறங்கும்போது எங்கும் நிற்கவில்லை. கால் லேசாக இருந்தது. பாதையோரக் கடையில் எட்டு நாளில் முதல்முறையாகப் பசித்து இரண்டு ரொட்டி தின்றேன். பள்ளி மணி அடிக்கும் முன்பே வந்து சேர்ந்துவிட்டேன். அன்று பாடம் நன்றாக நடந்தது.